பின்னடியும் அடிதான்

குத்துச்சண்டைக் கூடங்களில் ஒரு பேச்சு வேதவாக்காக இருந்து வருகிறது. பின்னால் போகிறவன் குத்துக்கு வலு கிடையாது. முன்னால் போகிறவன்தான் ஜெயிப்பான். பின்னால் போகவேண்டி வந்தால் போ, ஆனால் குத்துவதாக இருந்தால் முதலில் நில், காலை ஊன்று, பிறகு குத்து. மாஸ்டர் இதைச் சொல்கிறார். அவருடைய மாஸ்டரும் அவருக்கு இதைத்தான் சொன்னார். ரிங்கைச் சுற்றி நிற்கும் கூட்டம் 'ஓடாதே, நின்னு அடி' என்று கத்துகிறது. தொலைக்காட்சி வர்ணனையாளர் 'பின்வாங்குகிறார்' என்று சொல்லும்போது, ஆட்டம் பாதி முடிந்துவிட்டது போன்ற தொனி வந்துவிடுகிறது.

இந்தக் கருத்து தவறு. இதில் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் இத்தனை காலம் கேள்வி கேட்பாரில்லாமல் நிலைத்திருக்கிறது. பின்னால் நகர்ந்துகொண்டே அடிக்கும் குத்து முழுமையான ஒரு குத்து. அதற்கென்று கால்வேலை உண்டு, எடையை மாற்றும் முறை உண்டு, நேரக் கணக்கு உண்டு. முகமது அலிக்கும் மேவெதருக்கும் மட்டும் வாய்க்கும் வித்தை என்று அதைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, சாதாரண மாணவனுக்குச் சொல்லித்தராமல் விடுகிறோம். அதன் விலையை அந்த மாணவன் தன் தலையில் வாங்கும் குத்துகளால் கட்டுகிறான்.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்வோம். அந்தத் தரப்பின் மிகச் சிறந்த வக்கீல் ஜாக் டெம்ப்சி. 1919 முதல் 1926 வரை ஹெவிவெயிட் உலகச் சாம்பியனாக இருந்தவர். 1950-ல் அவர் எழுதிய குத்துச்சண்டைக் கையேட்டை இன்றும் பயிற்சியாளர்கள் தேடிப் படிக்கிறார்கள். குத்தின் வலு கையில் பிறப்பதில்லை, உடம்பின் எடை நகர்வதில் பிறக்கிறது என்பது அந்தப் புத்தகத்தின் அடிப்படை. முன்காலைச் சற்றே தூக்கி, உடம்பை முன்னோக்கி விழவிட்டு, விழுகிற அந்த எடை முழுவதையும் முஷ்டி வழியாக எதிராளியின் முகத்தில் இறக்க வேண்டும். அவர் சொல்லித்தரும் நேர்க்குத்து இதுதான். சொன்னதில் பிழையில்லை. எடை நகராத குத்து வெறும் தட்டல்தான்.

பிழை அடுத்த படியில் வருகிறது. எடை முன்னால் போனால் வலு. எனவே எடை பின்னால் போனால் வலு இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள். இந்த முடிவுக்குள் மூன்று தவறுகள் ஒளிந்திருக்கின்றன. குத்துகிறவன் நகர்வதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, குத்து வாங்குகிறவன் நகர்வதை விட்டுவிடுகிறார்கள். இது முதல் தவறு. எல்லாக் குத்துக்கும் எடை ஒரே திசையில்தான் போகிறது என்று நினைப்பது இரண்டாவது. பின்னால் போவது ஒன்று, காலை ஊன்றுவது இன்னொன்று, குத்துவது மூன்றாவது என்று ஒரே அசைவைத் துண்டு துண்டாக வெட்டுவது மூன்றாவது.

முதல் தவறைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 1985-ல் பிரிட்டனின் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புருனோவின் குத்தை ஆய்வாளர்கள் அளந்தார்கள். முஷ்டி இலக்கில் பட்ட வேகம் நொடிக்கு 8.9 மீட்டர். அந்தக் கை ஒருவனுக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவன் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பின்னால் போகிறான். எதிராளி அதே ஒரு மீட்டர் வேகத்தில் துரத்தி வருகிறான். இருவருக்கும் இடையே உள்ள தூரம் மாறவே இல்லை. அப்படியானால் பின்னால் போகிறவன் விடும் கை, எதிராளியின் தாடையைத் தொடும்போது என்ன வேகத்தில் தொடும்? இருவரும் நின்றுகொண்டிருந்தால் எவ்வளவோ அவ்வளவே. இவன் விலகுவதால் குறைகிற வேகத்தை, அவன் நெருங்குவது ஈடுகட்டிவிடுகிறது. இப்போது இவன் பின்காலில் ஒரு கணம் பிரேக் போட்டுக் குத்தினால்? அவன் வருகிற வேகம் மொத்தமும் குத்தோடு சேர்ந்துகொள்ளும். எதிராளி தன் கால்களாலேயே இவன் குத்துக்கு வலு கூட்டித் தருகிறான்.

இதே கணக்கை மறுபக்கமிருந்து பாருங்கள். துரத்துகிறவன் முன்னால் பாய்ந்து குத்துகிறான். அவன் பாய்ச்சலில் சம்பாதித்த வேகம் எங்கே போயிற்று? விலகிக்கொண்டே இருக்கும் தாடை அதைச் செலவழித்துவிட்டது. ஆக, முன்னால் போனாலே வலு கூடும் என்ற விதி, எதிராளி அசையாமல் நின்றால்தான் செல்லும். அசையாமல் நிற்கும் எதிராளியை மணல் பையைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

வேகம் மட்டுமே குத்தாகிவிடுமா, முஷ்டிக்குப் பின்னால் எவ்வளவு எடை இருக்கிறது என்பதும் முக்கியமல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முன்னால் விழுகிற உடம்பின் எடையைப் போல, விலகுகிற உடம்பு தன் எடையைக் குத்தில் ஏற்ற முடியாது. மணல் பையில் வைத்து அளந்தால், ஒருவனுடைய மிகப் பலமான முன்னடிக் குத்து, அவனுடைய மிகப் பலமான பின்னடிக் குத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். இதை மறுக்கவில்லை. ஆனால் ரிங்கில் யாரும் மணல் பையை வீழ்த்தி வெல்வதில்லை. துரத்தி வருகிறவன் இருக்கும் நிலையைக் கவனியுங்கள். அவனுடைய ஒரு கால் தரையில் இல்லை. எடை முன்னால் சரிந்திருக்கிறது. தாடை கால்விரல்களைத் தாண்டி வந்திருக்கிறது. அடிக்கப் போகிறோம் என்ற நினைப்பில் இருக்கிறானே தவிர, அடி வாங்கப் போகிறோம் என்று கழுத்தை இறுக்கி வைத்திருக்கவில்லை. இந்த நிலையில் இருப்பவனை வீழ்த்த உலகத்திலேயே பலமான குத்து தேவையில்லை. சரியான நேரத்தில், சரியான இடத்தில் விழும் நடுத்தரமான குத்து போதும்.

இரண்டாவது தவறுக்கு வருவோம். எடை எப்போதும் முன்னால்தான் போக வேண்டும் என்பவர்கள், தாங்களே தினமும் சொல்லித்தரும், கையை வளைத்து அடிக்கும் இடக்கை ஹூக்கை ஒரு முறை கவனித்துப் பார்க்க வேண்டும். இடக்காலை முன்வைத்து நிற்கும் வலக்கைக்காரன் ஹூக் அடிக்கிறான். முன்கால் நுனியில் சுழல்கிறது, இடுப்பு திரும்புகிறது, முழங்கை தோள் உயரத்துக்கு வருகிறது. எடை எங்கே போகிறது? இடக்காலிலிருந்து வலக்காலுக்கு. அதாவது முன்னிருந்து பின்னுக்கு. நின்ற இடத்தில் நின்று அடித்தாலும், முன்னால் போய் அடித்தாலும் இதுதான் அதன் எடைமாற்றம். குத்துகளிலேயே பயங்கரமானது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு குத்து, இயல்பாகவே எடையைப் பின்னோக்கி எடுத்துப் போகிறது. அப்படியிருக்க, பின்னடி வைக்கும்போது ஹூக்குக்கு வலு இருக்காது என்று எப்படிச் சொல்ல முடியும்? பின்னடிதான் அந்தக் குத்தின் சொந்தத் திசை.

இதற்கு ரிங்கிலேயே சான்று இருக்கிறது. 2007 டிசம்பர் 8, லாஸ் வேகஸ். ஃபிளாய்ட் மேவெதரும் ரிக்கி ஹேட்டனும் மோதினார்கள். இருவருமே அதுவரை தோற்றதில்லை. ஹேட்டன் ஆடிய 43 ஆட்டங்களையும் வென்றிருந்தார். நெருங்கி வந்து உடம்போடு உடம்பு ஒட்டிக்கொண்டு அடிப்பது அவர் பாணி. பத்தாவது ரவுண்டில் மேவெதர் ரிங்கின் மூலைக்கு முன்னால் நிற்கிறார். ஹேட்டன் இடக்கையை வீசியபடி பாய்கிறார். மேவெதர் முன்காலை அச்சாக வைத்து, பின்காலைச் சுழற்றி விலகுகிறார். விலகும் அதே அசைவில் இடக்கை ஹூக் குறுக்கே வந்து ஹேட்டனின் தாடையில் இறங்குகிறது. ஹேட்டன் தன் வேகத்திலேயே போய் மூலைத் தூணில் தலை மோதி விழுகிறார். எழுந்தார். ஆனால் அந்த ரவுண்டைத் தாண்டவில்லை. செக் ஹூக் என்று இதற்குப் பெயர். இங்கே மேவெதர் முன்னால் ஓர் அடிகூட வைக்கவில்லை. விலகினார், அடித்தார், இரண்டும் ஒரே அசைவு.

மூன்றாவது தவறுதான் மிகப் பெரியது. 'முதலில் நில், பிறகு குத்து' என்ற பாடத்தின் வேர் அதில்தான் இருக்கிறது. ஒரு பின்னடியைத் தரையோடு தரையாகக் குனிந்து பார்ப்போம். வலக்கைக்காரன். இடக்கால் முன்னால், வலக்கால் பின்னால். பின்னால் போக அவன் இடக்கால் நுனியால் தரையைத் தள்ளுகிறான். வலக்கால் முதலில் நகர்கிறது, ஒரு சாண், அதிகம் போனால் ஓர் அடி. வலக்காலின் முன்பாதம் தரையைத் தொடுகிறது. குதிகால் தொடுவதில்லை. உடம்பு இன்னும் பின்னால் போகவே பார்க்கிறது. வலக்கால் அதைத் தடுக்கிறது. கணுக்கால் மடங்குகிறது, முழங்கால் மடங்குகிறது, தொடையும் பிட்டமும் இறுகுகின்றன. அந்த ஒரு நொடித் துணுக்கில், பின்காலில் அமுக்கப்பட்ட விசை முழுவதும் வெளியே வரக் காத்திருக்கிறது.

பழகாதவனுக்கு இந்தக் கணம் வீணாகப் போகிறது. அவன் குதிகாலில் விழுகிறான், முதுகு நிமிர்கிறது, தாடை மேலே போகிறது, விசை தரைக்குள் போய்விடுகிறது. பிறகு அவன் நிற்கிறான், காலைச் சரிசெய்கிறான், குத்தலாம் என்று நினைக்கிறான். அதற்குள் எதிராளியின் கை முகத்தில் இருக்கிறது. பழகியவன் அந்தக் கணத்தைத் தவறவிடுவதில்லை. முன்பாதம் தரையைத் தொட்டதும் இடுப்பு திரும்பத் தொடங்கிவிடுகிறது. முன்கால் இன்னும் பின்னால் இழுபட்டுக்கொண்டிருக்கும்போதே வலக்கை புறப்பட்டுவிடுகிறது. அவன் நின்று குத்தவில்லை. நிற்பதே குத்தாக மாறுகிறது.

கால் ஊன்றாமல் குத்தாதே என்று பெரியவர்கள் சொல்வது சரிதான். ஆனால் ஊன்றுவது நகர்வுக்கு வெளியே இல்லை. ஒவ்வொரு அடியிலும் ஒரு கால் ஊன்றத்தான் செய்கிறது. அந்த ஊன்றலோடு கையைச் சேர்த்துக் கட்டத் தெரிந்தவன் எந்தத் திசையில் போனாலும் குத்துவான். தெரியாதவன் எந்தத் திசையிலும் குத்துவதற்கு முன் ஒருமுறை நிற்பான்.

முன்கையை நேராக நீட்டி விடும் ஜாபுக்கும் இதே விதிதான், வேலை மட்டும் வேறு. பின்னடி வைக்கும்போது ஜாபில் எதிராளியை வீழ்த்த வேண்டியதில்லை. அவன் அடுத்த அடி வைக்கும் தாளத்தை உடைத்தால் போதும். வலக்கால் தரையைத் தொடும்போது இடக்கை நீள வேண்டும். அப்போது ஜாப் அவன் முகத்தில் பட்டு நிற்கிறது, அவன் வருகிற வேகமே அவனுக்கு எதிராகத் திரும்புகிறது. ஒரு முறை பட்டால் அவன் இரண்டாம் முறை வேகமாக வரத் தயங்குவான். அந்தத் தயக்கம்தான் வலக்கைக்கு வழி திறக்கிறது.

இவ்வளவும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் 1966 நவம்பர் 14 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் நடந்த ஆட்டத்தின் படத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். அலியும் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸும். வில்லியம்ஸ் பெரிய உடம்புக்காரர், குத்துக்குப் பேர்போனவர். அவர் முன்னால் வருகிறார். அலி வட்டமடித்தபடி பின்னால் போகிறார். போகும்போதே ஜாப், அதன் பின்னாலேயே வலக்கை. இரண்டாவது ரவுண்டில் வில்லியம்ஸ் மூன்று முறை விழுந்தார். மூன்றாவது ரவுண்டில் மீண்டும் விழுந்தார், ஆட்டம் நிறுத்தப்பட்டது. அலியின் கால்களை மட்டும் பாருங்கள். பின்கால் தரையைத் தொடும் கணத்தில் கை புறப்படுவது தெளிவாகத் தெரியும். வில்லியம்ஸ் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் போலீஸ்காரர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து உயிர்பிழைத்தவர், பழைய வில்லியம்ஸ் இல்லை என்பது உண்மை. அது அலியின் வெற்றியை எளிதாக்கியிருக்கும். ஆனால் பின்னால் போகும் குத்துக்கு வலு இல்லை என்ற விதி உண்மையானால், பலவீனமடைந்த ஹெவிவெயிட்டைக்கூட அது நான்கு முறை கீழே தள்ளியிருக்க முடியாது.

இன்னும் பின்னால் போகலாம். 1927 செப்டம்பர் 22, சிகாகோ. முன்னால் விழும் குத்தின் ஆசான் டெம்ப்சி, ஒரு வருடத்துக்கு முன் தன் பட்டத்தைப் பறித்த ஜீன் டன்னியை மீண்டும் சந்தித்தார். ஏழாவது ரவுண்டில் டன்னியைக் கீழே சாய்த்தார். ரெஃபரியின் எண்ணிக்கை தாமதமாகத் தொடங்கியது பற்றி இன்றுவரை விவாதம் ஓயவில்லை. எழுந்த டன்னி பின்னால் போகத் தொடங்கினார். டெம்ப்சி துரத்தினார், துரத்தினார், கடைசியில் நின்று, வந்து சண்டை போடு என்று கையால் சைகை காட்டினார். டன்னி போகவில்லை. பின்னடி வைத்தபடியே தன் தூரத்தையும் தெளிவையும் மீட்டுக்கொண்டார். அடுத்த ரவுண்டில் டெம்ப்சியைக் கீழே தள்ளினார், ஆட்டத்தையும் வென்றார். டெம்ப்சியின் சைகையில் அன்றைய அரங்கத்தின் மனநிலை முழுவதும் இருந்தது. பின்னால் போகிறவன் சண்டை போடவில்லை என்ற மனநிலை. தீர்ப்பு வேறாக இருந்தது.

எல்லாத் தீர்ப்பும் அப்படி அமைவதில்லை என்பதுதான் வேதனை. 1947 டிசம்பர் 5, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஜெர்சி ஜோ வால்காட், ஜோ லூயிஸை இரண்டு முறை கீழே வீழ்த்தினார். விலகிப் போவதுபோல் நடந்து, எதிராளி தொடர்ந்து வந்ததும் சட்டென்று திரும்பி வலக்கையை விடுவது வால்காட்டின் கலை. கடைசி ரவுண்டுகளில் அவர் பின்னால் நகர்ந்தே ஆடினார். ரெஃபரி ரூபி கோல்ட்ஸ்டீன் வால்காட்டுக்கே வெற்றி கொடுத்தார். இரண்டு நடுவர்கள் லூயிஸுக்குக் கொடுத்தார்கள். அரங்கம் கூச்சலிட்டது. இருமுறை விழுந்தவர் பட்டத்தோடு வீடு போனார். மறு ஆண்டு நடந்த மறு ஆட்டத்தில் லூயிஸ் 11-வது ரவுண்டில் வால்காட்டை வீழ்த்தினார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அது முதல் ஆட்டத்தின் கணக்கைத் திருத்திவிடாது.

விதிப் புத்தகம் என்ன சொல்கிறது? தொழில்முறை ஆட்டத்தில் நடுவர் பார்க்க வேண்டியவை நான்கு: சுத்தமாக விழுந்த குத்து, பலன் தரும் தாக்குதல், ரிங்கில் யார் ஆட்டத்தை நடத்துகிறார் என்பது, தற்காப்பு. பலன் தரும் தாக்குதல் என்றால் பலன் இருக்க வேண்டும். முகத்தால் குத்துகளை வாங்கிக்கொண்டே முன்னால் நடப்பது தாக்குதல் ஆகாது. ஒலிம்பிக் பாணி அமெச்சூர் ஆட்டத்தில் இலக்கில் விழுந்த தரமான குத்துகளின் எண்ணிக்கை, நுட்பத்தாலும் உத்தியாலும் ஆட்டத்தை ஆள்வது, போட்டி உணர்வு ஆகிய மூன்றையும் பார்க்கிறார்கள். முன்னால் நடந்தால் புள்ளி என்று எங்கேயும் எழுதவில்லை. 2022 மே மாதம் லாஸ் வேகஸில் டிமித்ரி பிவோல், கனேலோ ஆல்வரெஸை வென்றது நடுவர்கள் கண்ணைத் திறந்து பார்த்த ஆட்டம். கனேலோ முன்னால் வந்தார். பிவோல் அரையடி விலகி, விலகும்போதே கைகளை விட்டு, ஆட்டத்தைத் தன் தூரத்தில் வைத்துக்கொண்டார். மூன்று நடுவர்களும் 115-113 என்று அவருக்கே கொடுத்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் இந்தக் கருத்து சாகாமல் இருப்பதற்கு ஒரு காரணம் நம் மனதுக்குள்ளேயே இருக்கிறது. மார்பில் புண் ஏந்துவது பெருமை, முதுகில் புண் இழிவு என்று கேட்டு வளர்ந்த சமூகம் நாம். அந்த அளவுகோலைக் கொண்டுவந்து குத்துச்சண்டையில் வைக்கிறோம். ஆனால் பின்னடி வைக்கும் குத்துச்சண்டை வீரன் யாருக்கும் முதுகைக் காட்டவில்லை. அவன் கண் எதிராளியின் மார்பில் இருக்கிறது, தாடை தோளுக்குள் இருக்கிறது, இரண்டு கைகளும் எதிராளியை நோக்கியே இருக்கின்றன. முகம் கொடுத்து நிற்பவனைக் கோழை என்பது அந்தப் பழைய அறத்துக்கே பொருந்தாது.

பின்வாங்குவதை ஆதரிக்க நினைக்கும் சிலர் திருக்குறளின் காலமறிதல் அதிகாரத்தில் வரும் சண்டைக் கடாவைத் துணைக்கு அழைப்பார்கள். தாக்குவதற்காகவே கடா பின்னால் போகிறது என்பார்கள். நல்ல உவமைதான், ஆனால் அது என் வாதத்துக்குப் போதாது. கடா பின்னால் போகும்போது முட்டுவதில்லை. ஓடிவரத் தூரம் சேர்க்கிறது. அந்த உவமையை அப்படியே ஏற்றால், பின்வாங்குவது தயாரிப்பு, முன்னேறுவதே தாக்குதல் என்ற பழைய பிரிவினைக்குள் மறுபடி விழுந்துவிடுவோம். நான் சொல்வது அதற்கு மேலே ஒரு படி. பின்னால் போகும் அடியே தாக்குதலாக இருக்க முடியும்.

வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றி 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் வந்தபோது, அதில் வரும் டான்சிங் ரோஸ் என்ற வீரனைத் தமிழ்நாடே கொண்டாடியது. அந்தக் கால்களை விசில் அடித்து ரசித்தோம். 1980-ல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சி ஆட்டம் ஆடியபோதும் ரசிகர்கள் திரண்டார்கள். ரசித்ததில் தவறில்லை. ஆனால் அந்தக் கால்வேலையை வேடிக்கையாக எடுத்துக்கொண்டோமே தவிர, பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை. கூடத்துக்குத் திரும்பியதும் பையன்களுக்கு 'முன்னால போ, முன்னால போ' என்ற பழைய பல்லவியைத்தான் பாடினோம்.

பின்னால் போவதில் ஆபத்து இல்லையா? நிறைய இருக்கிறது. அலியையே எடுத்துக்கொள்ளுங்கள். கையைத் தாழ்த்தி, தலையை நேராகப் பின்னால் சாய்த்து விலகும் பழக்கம் அவருக்கு இருந்தது. 1963-ல் லண்டனில் ஹென்றி கூப்பரின் இடக்கை ஹூக் அவரைக் கீழே தள்ளியது. 1971 மார்ச் 8 அன்று 15-வது ரவுண்டில் ஜோ ஃபிரேசியரின் இடக்கை ஹூக் மீண்டும் தள்ளியது. நேர்கோட்டில் பின்னால் போகிறவனை எந்த நல்ல வீரனும் கயிற்றில் சிறைபிடித்துவிடுவான். அமெச்சூர் ரிங் 6.1 மீட்டர் சதுரம்தான். நடுவிலிருந்து பார்த்தால் கயிறு மூன்று மீட்டரில் வந்துவிடுகிறது. தொடர்ந்து நேராகப் பின்னால் அடி வைத்தால் சீக்கிரமே முதுகில் கயிறு உரசத் தொடங்கும்.

இவை எல்லாம் பின்னடிக் குத்தைச் சொல்லித்தரக் கூடாது என்பதற்குக் காரணமா? சரியாகச் சொல்லித்தர வேண்டும் என்பதற்குக் காரணம். அபாயங்கள் எவை என்று தெரிகிறது, அவற்றுக்கு மருந்தும் தெரிகிறது. இரண்டு அடிக்கு மேல் நேராகப் பின்னால் போகாதே, மூன்றாவது அடி பக்கவாட்டில் போகட்டும். தலையைச் சாய்க்காதே, காலை நகர்த்து. குத்திய கை அதே வழியில் தாடைக்குத் திரும்பட்டும். கால்கள் ஒன்றை ஒன்று நெருங்கவும் கூடாது, குறுக்கே போகவும் கூடாது. முன்னால் போவதிலும் ஆபத்துகள் உண்டு; அதற்காக முன்னால் போகச் சொல்லித்தராமல் இருக்கிறோமா?

சொல்லித்தருவதற்குப் பெரிய வசதிகளும் தேவையில்லை. மணல் பையிலிருந்தே தொடங்கலாம். வழக்கமாக மாணவன் பையைக் குத்துவான், அது ஆடிப் போகும், திரும்பி வரும்போது இரண்டு கையாலும் பிடித்து நிறுத்திவிட்டு மறுபடி குத்துவான். பிடித்து நிறுத்த விடாதீர்கள். பை அவனை நோக்கி ஆடி வரட்டும். வரும்போது அவன் ஓர் அடி பின்னால் வைக்கட்டும். பின்காலின் முன்பாதம் தரையைத் தொடும் நேரமும் பை வந்து சேரும் நேரமும் ஒன்றாகும்போது கையை விடட்டும். முதல் சில நாட்கள் குத்து வழுக்கும், பை தோளில் வந்து இடிக்கும். பிறகு ஒருநாள் 'தட்' என்ற சத்தம் மாறி 'தொப்' என்ற கனமான சத்தம் கேட்கும். பை ஆட்டம் நின்று தொங்கும். தன் குத்து பையைத் தள்ளாமல் நிறுத்தியிருக்கிறது என்பதை மாணவன் தன் தோளிலும் இடுப்பிலும் உணர்வான். அதற்குப் பிறகு அவனிடம் பின்னால் போனால் வலு இல்லை என்று யாரும் சொல்லி நம்பவைக்க முடியாது.

அடுத்தது பேட் பயிற்சி. இப்போது பெரும்பாலும் பயிற்சியாளர் பின்னால் போகிறார், மாணவன் முன்னேறிக் குத்துகிறான். பாதி நேரத்தை மாற்றிப் போடுங்கள். பயிற்சியாளர் முன்னால் நடக்கட்டும், நெருக்கட்டும், மாணவன் விலகிக்கொண்டே குத்தட்டும். பிறகு ஸ்பாரிங்கில் ஒருவன் முன்னால் மட்டும், இன்னொருவன் பின்னால் மட்டும் என்று ஒரு ரவுண்டு. எந்தக் கூடத்திலும், எந்தச் செலவும் இல்லாமல் நாளைக்கே செய்யக்கூடியவை இவை.

இதை இத்தனை வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, என் வாதத்தின் அடியாழமும் அதுதான். ஸ்பாரிங்கில் புதியவன் பெரும்பாலான நேரம் எந்தத் திசையில் போகிறான் என்று எந்தக் கூடத்திலும் நின்று பாருங்கள். பின்னால்தான் போகிறான். சின்ன உடம்புக்காரன் பின்னால் போகிறான். களைத்தவன் பின்னால் போகிறான். முதல் ஜில்லா போட்டியில் ஏறும் பதினாலு வயதுப் பெண்பிள்ளை, தன்னைவிட அனுபவமுள்ளவள் எதிரே வரும்போது பின்னால் போகிறாள். அவர்களுக்கு நாம் கொடுத்த அத்தனை குத்துகளும் முன்னால் போகும்போது மட்டும் வேலை செய்பவை. ஆக, மிகவும் ஆபத்தான நேரத்தில் அவர்கள் கையில் எதுவும் இல்லை. நின்றால் அடி விழுகிறது. ஓடினால் கயிற்றில் மாட்டிக்கொண்டு இன்னும் அதிகமாக விழுகிறது. அவர்கள் தலையில் விழும் குத்துகளில் ஒரு பங்கு எதிராளி அடித்தது. இன்னொரு பங்கு நாம் சொல்லித்தராமல் விட்டது.

பின்னால் போகும்போது ஒரு நல்ல ஜாப் விடத் தெரிந்த பிள்ளையை எதிராளி கண்மூடித்தனமாகத் துரத்த மாட்டான். ஒரு ஹூக் விடத் தெரிந்தால் துரத்தவே யோசிப்பான். தற்காப்பு என்று கையுறையை முகத்தில் வைத்து மூடிக்கொள்வதைவிட இது பெரிய தற்காப்பு. மருத்துவர்கள் தலையில் படும் குத்துகளைப் பற்றி எச்சரித்துக்கொண்டிருக்கும் காலத்தில், ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைக் கொடுக்க வேண்டியது பயிற்சியாளரின் கடமை.

ஆகவே பயிற்சியாளர்களிடம் நேரடியாகவே கேட்டுக்கொள்கிறேன். ஜாப் சொல்லித்தரும் அதே வாரத்தில் பின்னடி ஜாபையும் சொல்லித்தாருங்கள். ஹூக் சொல்லித்தரும்போது அதன் எடை எந்தத் திசையில் போகிறது என்று மாணவனே கண்டுபிடிக்க விடுங்கள். 'நின்னு அடி' என்று கத்துவதை விட்டுவிட்டு, 'அடியோடு அடி' என்று சொல்லுங்கள். நடுவர்களாக உட்காருபவர்கள் யார் முன்னால் நடந்தார்கள் என்பதை மறந்துவிட்டு, யாருடைய குத்து விழுந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். முன்னால் போகும்போது வீரனாகவும் பின்னால் போகும்போது இரையாகவும் ஒரு பிள்ளையை வளர்ப்பது பாதிப் பயிற்சி. அந்தப் பாதியை முழுமை என்று சொல்லி நம் பிள்ளைகளை ரிங்கில் ஏற்றும் உரிமை நமக்கு இல்லை.